ஜார்ஜியா சம்பந்தி

காலைத் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பையில் உடைகிற சாமான் ஒன்றுமில்லை. மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி, அதற்கு மேலே ஒரு கம்பளிக் கோட்டு. இந்த வெயிலில் கோட்டு எதற்கு என்று நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலேயே கண்டக்டர் கேட்டுவிட்டார். திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகிறேன் என்றேன். யாரை வழியனுப்ப என்றார். முதலில் டிக்கெட்டைக் கொடுங்கள், கதை பிறகு என்றேன்.

உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஆனால் முசிறி வரைக்கும் இந்த பஸ் தூக்கிப் போட்டுக்கொண்டேதான் போகும். எப்படியும் தூங்க முடியாது. அதனால் சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகள், தாரணி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். ஒரு நாள் பெட்டியோடு வந்து நின்று, வேலையை விட்டுவிட்டேன், ஒரு வருஷம் வெளிநாட்டில் இருக்கப் போகிறேன் என்றாள். படிக்கவா என்றேன். இல்லை. வேலைக்கா என்றேன். இல்லை. பிறகு எதற்கு? சும்மா. அதற்கு கேப் இயர் என்று பெயராம். படித்து முடித்த பிள்ளைகள் உலகத்தைப் பார்க்க ஒரு வருஷம் ஒதுக்குவார்களாம்.

"சும்மா இருக்கறதுக்கு எதுக்கு கண்ணு வெளிநாடு? நம்ம வீட்லயே சும்மா இரு. நான் ஒரு வேலையும் சொல்லமாட்டேன்" என்றேன்.

"நீ சொல்லாம இருந்துருவியாம்மா?" என்றாள்.

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டில் கிரைண்டர் வைத்து இட்லி மாவு விற்கிறேன். எனக்கு சும்மா இருப்பது என்றால் பயம். கிரைண்டர் நின்றால்கூட என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து ஓடுகிறவள். இவள் போன இடத்தில் காய்ச்சல் வந்தால் யார் கஷாயம் வைப்பார்கள்? பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டால்? மாப்பிள்ளை பார்க்கிற தரகர் வந்து, பொண்ணு என்ன பண்ணுதுங்க என்று கேட்டால் என்ன சொல்வது? வெளிநாட்டில் சும்மா இருக்கிறாள் என்றா?

என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் சம்பாதித்த காசு, அவள் போகிறாள், என் காசைக் கேட்டால் மட்டும் என்னிடம் பேசச் சொல் என்றார். அவள் சேர்த்து வைத்திருந்த காசில் ஏரோப்ளேன் டிக்கெட் போக மிச்சத்தை வைத்து நம்ம ஊரில் ஒரு காதுகுத்துக்கூட நடத்த முடியாது. அதை வைத்து ஒரு வருஷமாம்.

அதற்கு அவள் போட்ட திட்டங்களைக் கேளுங்கள். ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டு முன்பின் தெரியாதவர்களோடு படுத்துக்கொள்வாளாம். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ராத்திரி பஸ்ஸிலேயே போனால் ரூம் வாடகை மிச்சமாம். ஏர்போர்ட்டில் பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கலாமாம். சாப்பாட்டுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் போதுமாம். நாதியற்றவர்கள் படுக்கிற படுக்கையடி அது, அதற்கா உன்னை இஞ்சினியரிங் படிக்க வைத்தோம் என்று கேட்டேன். நானும் ஒரு திட்டம் சொன்னேன். சார்ஜாவில் என் சித்தி மகன் இருக்கிறான், குவைத்தில் எதிர்வீட்டு மருமகன் இருக்கிறான், ஆளுக்கு மூன்று மாதம் அவர்கள் வீட்டில் இரு என்றேன். இங்கே ஈரோட்டில் இருக்கிற சித்தி வீட்டில் நீ மூன்று நாள் இருப்பாயா என்று கேட்டாள். ஒரு நாள்கூட முடியாது. அந்தத் திட்டம் அப்படிப் போனது.

அப்புறம்தான் ஒரு நாள் சிரித்துக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டரில் ஒரு இடம் இருக்கிறதாம். அதில் இரண்டு ஊர்ப் பிள்ளைகள் வீட்டை மாற்றிக்கொள்வார்களாம். ரஷ்யாவுக்குக் கீழே ஜார்ஜியா என்று ஒரு நாடாம், அங்கே சலோமே என்று ஒரு பெண், தமிழ்நாட்டுச் சமையல் கற்றுக்கொள்ள வர வேண்டும் என்கிறாளாம்.

"அவ இங்க நம்ம வீட்ல இருப்பா. நான் அங்க அவங்க வீட்ல இருப்பேன். தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் செலவே இல்லம்மா. உனக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றது..."

எனக்கா புரியாது? இதைக் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் இல்லை, நாங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. என் கல்யாணமே அப்படித்தான். எனக்கு என் வீட்டுக்காரர், அவர் தங்கை வளர்மதிக்கு என் அண்ணன். ஒரே பந்தல், ஒரே மேளம், செலவு பாதி. அதைவிடப் பெரிய லாபம் என்ன தெரியுமா, பயம். என் பெண் உன் வீட்டில், உன் பெண் என் வீட்டில். நீ அவளுக்கு மோர் ஊற்றினால் நான் இவளுக்கு மோர் ஊற்றுவேன். நீ நெய் ஊற்றினால் நானும் நெய் ஊற்றுவேன்.

அந்த முறையில் ஒரே ஒரு சங்கடம்தான். ஒருத்தி கோபித்துக்கொண்டு வந்துவிட்டால் இன்னொருத்தியும் கிளம்பியாக வேண்டும். எனக்குக் கல்யாணமான புதிதில் வளர்மதிக்கும் என் அண்ணனுக்கும் ரசத்தில் உப்பில்லை என்று சண்டை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு, அதாவது நான் வாழ்கிற வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அப்போதுதான் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மாமியார் வந்து, "அவ வந்துட்டா, நீ கெளம்பு சாமி" என்றார். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். அவர்கள் சமாதானமாகும் வரைக்கும் என் வீட்டுக்காரர் தினமும் சைக்கிளில் வந்து ஜிலேபிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, சண்டைக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் போவார். முறை என்றால் முறை.

அதனால் நான் உடனே சரி என்றேன். தாரணிதான் பயந்துவிட்டாள். ஆனால் சம்பந்தியோடு பேசாமல் அனுப்பமாட்டேன் என்று சொன்னேன். சம்பந்தி எல்லாம் இல்லம்மா என்றாள். பெண்ணை மாற்றிக்கொள்கிறவர்களுக்கு வேறென்ன பெயர்?

வீடியோவில் வந்தாள், சலோமேயின் அம்மா, மனானா. நல்ல உயரம். என்னைப்போல் இரண்டு மடங்கு தோள். ஆனால் நெற்றியில் என்னைப்போலவே கவலை. அடுப்படியைக் காட்டச் சொன்னேன். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் வீட்டுக்காரர் ஜாஸாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்கச் சொன்னேன். தாரணி இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அந்த மனிதர் சந்தோஷமாக எழுந்து போய், கழுத்து வரைக்கும் நிலத்தில் புதைத்திருந்த ஒரு பெரிய மண்பானையைத் திறந்து காட்டினார். திராட்சை ஜூஸ்ம்மா, வீட்லயே போடறாங்க என்றாள் தாரணி. எனக்குத் திருப்தி. குடிகார வீட்டில் ஜூஸ் போட்டுப் பானையில் ஊற்றி வைக்கிற பொறுமை யாருக்கு இருக்கும்?

மனானாவும் கேட்டாள். வீட்டுக்குள் பாம்பு வருமா, ரொட்டி கிடைக்குமா, மகள் அழுதால் என்ன செய்வீர்கள் என்று. என் மகள் அழுதால் நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான் நான் செய்வேன் என்றேன். தாரணி அதை எப்படிச் சொன்னாளோ, மனானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாரணி கிளம்பிய அதே வாரத்தில் சலோமே வந்து இறங்கினாள். ஆரத்தி எடுத்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் தங்கினால் தகவல் சொல்ல வேண்டுமாம், தாரணியே அதை கம்ப்யூட்டரில் செய்துவிட்டுத்தான் போனாள். ஆனாலும் எனக்கு மனசு கேட்காமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரில் போனேன். உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார் எழுத்தர். சம்பந்தி மகள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஸ்டேஷனுக்கு அப்போது எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனது. ஒரு நாள் தாரணி வீடியோவில் வந்தாள். தலையில் துண்டு, மூக்கு நுனி சிவப்பு. பனியில் விறகு சுமந்தாளாம். மாட்டில் பால் கறந்தாளாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது. இங்கே குடித்த டம்ளரை எடுத்துப் போடாத பெண். அவளை அங்கே விறகு தூக்க வைத்தால், அவர்கள் பெண்ணை நான் இங்கே உட்கார வைத்து நெய் தோசை ஊற்றுவதா?

போனை வைத்துவிட்டு சலோமேயைக் கூப்பிட்டு, கிரைண்டரைக் கழுவச் சொன்னேன். கல்லைத் தூக்கி, குழவியைத் தூக்கி, நல்ல பாரம். அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். கழுவினாள், படம் எடுத்தாள், அப்புறம் நான் மாவு ஆட்டட்டுமா என்று ஜாடையில் கேட்டாள்.

அப்போதுதான் எனக்குப் பழைய ரசச் சண்டை ஞாபகம் வந்தது. இவள் கோபித்துக்கொண்டு கிளம்பினால், முறைப்படி என் மகள் திரும்பி வந்தாக வேண்டும். இவ்வளவு சுலபமான வழி கையில் இருக்கும்போது நான் எதற்காக தினம் போனைப் பார்த்து அழுகிறேன்? இவளை விரட்ட வேண்டியதுதான்.

என்னைக் கொடுமைக்காரி என்று நினைக்காதீர்கள். எந்தத் தாயாக இருந்தாலும் செய்வாள்.

விடிவதற்கு முன் எழுப்பி வாசல் தெளிக்க விட்டேன். மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து கோலப்பொடி டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். பாகற்காயை வெல்லம் போடாமல் வதக்கி வைத்தேன். தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றாள். அவள் கற்றுக்கொண்ட முதல் தமிழ் அது. வளர்மதி வீட்டு விசேஷத்துக்கு அழைத்துப்போய், சொந்தக்காரர்கள் நடுவில் விட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். நம் சொந்தக்காரர்களைத் தாங்குவது லேசா? கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், சம்பளம் கேட்கிறார்கள், தலையைத் தொட்டுப் பார்த்து முடி நிஜமா என்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். வளர்மதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்ர பொண்ணவிட இது தேவலைங் அண்ணி" என்று காதில் சொல்கிறாள். இத்தனைக்கும் தாரணி அவளுக்கு ரத்த சொந்தம்.

ஒரே ஒரு தடவைதான் வேலை பலித்தது. ஊறுகாயில் காரத்தைக் கூட்டினேன். வாயில் வைத்ததும் அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. ஓடிப்போய் மோர் கொடுத்தேன், சர்க்கரை கொடுத்தேன், தலையை மடியில் வைத்து விசிறினேன். மனானாவுக்கு வாக்குக் கொடுத்தது நான்தானே. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, வெரட்டிட்டியா என்று கேட்டார். பேசாமல் போங்கள் என்றேன்.

வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிற பிள்ளையை எப்படி விரட்டுவது, நீங்களே சொல்லுங்கள். தாரணி போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். சாப்பிட்டது தோசையா உப்புமாவா என்று கேட்டால் யோசிப்பாள். இவள் ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்க்கிறாள். மாவு வாங்க வருகிறவர்கள்கூட இவளைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

இதற்குள் தாரணி பேசும்போது சில விஷயங்கள் காதில் விழுந்தன. மனானா ஆன்ட்டி திடீர் திடீரென்று ஒரு மாதிரி நடந்துகொள்கிறாராம். விறகு போதாதென்று ஆடு மேய்க்கச் சொன்னாராம். வீச்சமடிக்கிற பாலாடைக்கட்டியை வேளாவேளைக்குத் தட்டில் வைக்கிறாராம். அது தாரணிக்குப் பிடித்துப் போய்விட்டதாம். அதற்கு மனானா சந்தோஷப்படாமல் பெருமூச்சு விட்டாராம்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெருமூச்சு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அடிப்பாவி. என் சம்பந்தியும் என் வேலையைத்தான் அங்கே செய்துகொண்டிருக்கிறாள்.

அன்றைக்கே நான் நேராக மனானாவைக் கூப்பிட்டேன். இரண்டு பெண்களும் பக்கத்தில் இல்லை. அவள் பாஷையில் அவள் பேசினாள், என் பாஷையில் நான் பேசினேன். அவள் ஒரு நாற்காலியைக் காட்டினாள். அதில் சலோமேயின் ஸ்வெட்டர் கிடந்தது, மடிக்காமல். நான் தாரணியின் செருப்பைக் காட்டினேன். வாசலில் அவள் விட்டது விட்டபடியே இருக்கிறது, பெருக்கும்போதுகூட நான் நகர்த்துவதில்லை. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு தேவைப்படவில்லை. அழுது முடித்துவிட்டு, எல்லாம் முடிவு செய்துகொண்டு போனை வைத்தோம்.

முடிவுப்படி, நான் தாரணியை வரச் சொன்னேன், மனானா சலோமேயை வரச் சொன்னாள். இரண்டு கழுதைகளும் ஒரே பதில், இன்னும் கொஞ்ச நாள் என்று. சலோமே அதைத் தமிழிலேயே சொன்னாளாம், அம்மாவுக்குப் புரியாமல்.

நான் சும்மா கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனானா உட்காரவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு நாமக்கல்லுக்கே வந்துவிட்டாள். வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு பாலாடைக்கட்டி, ஒரு கேன் நிறைய திராட்சை ஜூஸ், சீர் என்று வாயால் சொல்லத் தெரியாவிட்டாலும் சீரோடுதான் வந்தாள். எனக்கு அன்றைக்கு நெஞ்சுச் சளி. ஜூஸை ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். நல்ல சத்து. உடம்பு வலியெல்லாம் போய், சின்ன வயசில் கும்மியடித்த பாட்டெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, வளர்மதிக்கு போன் போட்டு, சின்னப் பிள்ளையில் அவள் பம்பரத்தை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ரொம்பப் புளித்த திராட்சைபோல.

பெண்ணைப் பார்க்க வந்த சம்பந்தி இரண்டு நாள் இருப்பாள், மூன்று நாள் இருப்பாள். இவள் இருந்தாள். மகளோடு கோலம் போட்டாள். கிரைண்டர் குழவியை ஒற்றைக் கையால் தூக்கினாள். பாதி மாவில் பாலாடைக்கட்டியைத் திணித்து ஏதோ சுட்டாள், தெருவே வந்து வாங்கித் தின்றது. ஊருக்குத் திரும்புகிற பேச்சே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் பக்கத்து ஆள் இரண்டு பேர் இங்கே. நம் பக்கத்து ஆள் ஒருத்தி அங்கே. முறை எங்கே நிற்கிறது? அதுவும் மனானா இல்லாத வீட்டில், அந்த ஜாஸாவுக்கும் மாடுகளுக்கும் என் மகள் ஆக்கிப் போடுகிறாளாம். வெந்நீர் வைக்கத் தெரியாதவள். என்ன ஆக்குகிறாள் என்று கேட்டேன். சாம்பார் என்றாள். அந்த மனிதரை நினைத்து எனக்கு இன்னொரு கவலை.

ஒரு தாய் அங்கிருந்து வந்தால் ஒரு தாய் இங்கிருந்து போக வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போகோணும்னு ஆசையா இருக்குதுன்னு சொல்லீர்லாமே புள்ள" என்றார்.

ஆசையா, எனக்கா? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. முறைக்காகப் போவதை ஆசை என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

பாஸ்போர்ட்டா? அது தயாராக இருந்தது. தாரணி கிளம்பிய வாரமே எழுதிப் போட்டுவிட்டேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்றுதான், வேறொன்றுமில்லை. ஸ்டேஷனுக்குப் போன இன்னொரு வேலை அதுதான். அவர்கள் விசாரிக்க வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுமே என்று நானே போய் விசாரணையை முடித்துவிட்டு வந்தேன்.

தாரணிக்குச் சொன்னபோது "நீ இங்க வந்துட்டா இது எப்படிம்மா வெளிநாடு? நம்ம வீடாயிருமே" என்றாள். வந்தால் தெரியும் என்றேன். இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டாக எடுக்கச் சொன்னேன். நடுவில் சார்ஜாவில் ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டுமாம். சித்தி மகனை வரச் சொல்லட்டுமா, ரூம் போடட்டுமா என்று பதறுகிறாள். எதுக்கு கண்ணு வெட்டிச் செலவு, பெட்டி மேல் தலை வைத்துப் படுத்தால் விடிந்துவிடும் என்றேன். சாப்பாட்டுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டேன். இதோ, நீங்களும் ஒரு பழம் சாப்பிடுங்கள். தொட்டியத்துப் பழம்.

அவளுக்கு இப்போது ஒரே கவலை. பத்திரமா வந்துருவியாம்மா, பாஸ்போர்ட்டைத் தொலைச்சிராதே, யாராவது பேச்சுக் கொடுத்தா பேசாதே என்று காலையிலிருந்து போன். நான் எங்கே யாரோடு பேசுகிறேன்?

இந்தக் கோட்டு மனானாவுடையது. காலையில் அவளே எனக்குப் போட்டுப் பார்த்து, மடித்துக் கொடுத்தாள். போட்டால் என் விரல் நுனிகூடத் தெரியாது. வளர்மதியை வந்து வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் சந்தேகமில்லை, ஆனாலும் அந்த ஜூஸ் கேன் இன்னும் காலியாகவில்லை. வளர்மதி வந்துவிட்டால் என் அண்ணனுக்கு யார் சோறாக்குவது என்று ஒரு கேள்வி வந்தது. முறைப்படி என் வீட்டுக்காரர்தான் போக வேண்டும். அவர் போகமாட்டேன் என்கிறார். அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அங்கே மாடுகளுக்குத் தீவனம் என்ன போடுவது, பனியில் மாவு புளிக்குமா, எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறேன். அடுப்புப் பக்கத்தில் கம்பளி சுற்றி வைத்தால் புளிக்கும். மலை இருக்கிறதாம். பனி உருகினால் மேலே ஏறிப் பார்க்கலாமாம். அதற்கெல்லாம் எனக்கு நேரம் இருக்குமா தெரியவில்லை. மே மாதம் ஏறினால் நன்றாக இருக்கும் என்று ஜாஸா சொன்னாராம், ஜூனிலும் ஏறலாமாம்.

எப்போது திரும்புவேன் என்று கேட்கிறீர்கள். நான் நினைத்த நேரத்துக்குத் திரும்ப முடியுமா? மனானா அங்கே திரும்பிப் போனால்தான் நான் இங்கே திரும்பி வர முடியும். முறை என்று ஒன்று இருக்கிறதே. அவள் பாவம், காலையில் என் பையைப் பார்த்ததும், தான் ரொம்ப நாள் தங்கிவிட்டோமோ என்று நினைத்துவிட்டாள்போல. அவளும் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

நான் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டு, ஏணியையும் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.